விலை படியவில்லை

புது வண்டிக்கு மாற்றாகக் கொடுக்கவிருந்த பழைய வண்டியின் சாவியை ஷோரூமின் மதிப்பிடுபவர் வாங்கிக்கொண்டார். வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றியபடி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் போனார். கொடுத்தது அவள் கணவன். கொடுத்திருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியபோது வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. அதன் ஓட்டைச் சைலன்ஸர் தெருமுனை வரை கேட்டது. பிறகு ஷோரூமின் கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

பேரத்தில் அவளுக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது ஒன்று. எழுந்து நடப்பது இன்னொன்று. நாலடி போவதற்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அந்த விலை உண்மையிலேயே அவர்களுக்குக் கட்டாது; திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடலாம். இன்று அவள் நம்பி வந்தது இரண்டாவதை. தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நம்பி வந்திருந்தாள்.

வட்ட மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். கணவன் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். நிலம் அளப்பது அவன் தொழில். முழங்கைக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். பழைய வண்டி சென்ற மாதம் பாலத்தின் நடுவில் நின்றபோது, அளவைக் கருவியைத் தோளில் சுமந்துகொண்டு மழையில் வீடு வரை நடந்து வந்தான். அன்றிலிருந்து ஹைப்ரிட் கார் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தான். சாப்பிடும்போதும் அதைத்தான் பேசினான். பெட்ரோலும் ஓட்டும், பேட்டரியும் ஓட்டும். பிரேக்கை மிதித்தால் சார்ஜ் ஏறும். "நிக்கிறதுகூட வீணாப் போறதில்ல தெரியுமா?" என்று அவளிடம் சொன்னபோது அவன் முகம் கல்யாணமான புதிதில் இருந்தது போல இருந்தது.

அவனுக்கு அடுத்து அவன் அம்மா. இடது காதில் தோல் நிறத்தில் ஒரு கருவி. மருமகள் பொருத்தியது. மேசை மேல் கிண்ணத்தில் இருந்த மிட்டாய்களில் நான்கைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஐந்தாவதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு இன்ஜினாமேப்பா?" என்றாள் விற்பனையாளனிடம்.

"ஆமாம்மா. ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு மோட்டார்."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி. எதுகூட எப்பப் போறான்னு யாருக்குத் தெரியும்?"

"அதை வண்டியே முடிவு பண்ணிக்கும்மா."

"அவங்களும் அப்படித்தான் சொல்வாங்க."

விற்பனையாளன் சிரித்தான். முப்பது வயது இருக்கும். கழுத்துப்பட்டையின் முடிச்சு இறுக்கமாக இருந்தது. அதற்குக் கீழே சட்டைப் பொத்தான் ஒன்று வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. அவன் ஒரு தாளை மேசையில் வைத்து அவள் பக்கம் திருப்பினான். கணவன் பக்கம் திருப்பவில்லை. யாரிடம் பேச வேண்டும் என்று வந்த ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தான்.

"மேடம், இது எல்லாம் சேர்த்து."

அவள் பேரம் பேசுவதில் பேர் பெற்றவள். அவள் கேட்டு வாங்கிய பேர் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு இரும்பு பீரோ வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் சொன்னதில் பாதியைச் சொல்லிவிட்டுக் கூச்சத்தில் அதற்கு மேல் பேச வராமல் நின்றாள். கடைக்காரர் அந்த மௌனத்துக்குப் பயந்து இறங்கி வந்தார். அன்றிலிருந்து நாத்தனார் வீட்டுக் கட்டில், கொழுந்தன் வீட்டு ஃபிரிட்ஜ், யாருக்கோ மூக்குக்கண்ணாடி. "அண்ணிய அனுப்புங்க" என்பார்கள். போவாள். தொகையைச் சொல்வாள். சும்மா இருப்பாள். கூச்சம் எப்போதோ போய்விட்டது. மௌனம் மட்டும் தங்கிவிட்டது.

அவளுடைய வேலையும் அதற்கு உதவியது. மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஓசை புகாத ஒரு சிறிய அறை. சுவரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். நோயாளி உள்ளே காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்காருவார். அவள் வெளியே. ஒலியைக் கொடுப்பாள், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாள். விரல் எழாத இடம் ஒன்று வரும். அங்கிருந்து சற்று ஏற்றினால் விரல் மறுபடி எழும். அதுதான் அவருடைய எல்லை. விற்கிறவர்களுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த வண்டியின் எல்லை எது என்று வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். கூட வேலை செய்பவளின் தம்பி வேறொரு கம்பெனி ஷோரூமில் இருந்தான், அவனிடம் கேட்டிருந்தாள். எவ்வளவு குறைக்கலாம், எதையெல்லாம் தலையில் கட்டுவார்கள், எதற்குக் கீழே போனால் அவர்களுக்கு நஷ்டம். இரண்டு பக்கமும் முகம் கோணாமல் எழுந்து போகக்கூடிய ஒரு தொகை இருந்தது. நியாயமான விலை. அதை அவள் இன்று சொல்லப் போவதில்லை.

சொன்னால் வாங்கிவிடுவார்கள். வாங்கினால் கடன். வெளி வங்கிகளில் கிடைக்காத வட்டியில் மருத்துவமனை தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் கடன். அவள் பெயரில் அனுமதியாகி, அந்தக் கடிதம் இப்போது கணவனின் தோள்பையில் இருந்தது. ஏழு வருடம் சம்பளத்தில் பிடிப்பார்கள். இடையில் வேலையை விட்டால் மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். விண்ணப்பம் போட்டபோது அவளும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள். அப்போது அந்த அழைப்பு வந்திருக்கவில்லை.

அழைத்தது கல்லூரியில் அவளுக்குச் சீனியராக இருந்தவள். ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கும் ஊர். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு மையம் தொடங்குகிறார்கள். "நீதான் வந்து நடத்தணும். வேற யார்கிட்டயும் நான் கேக்கல" என்றாள் சீனியர். இங்கே அவளிடம் வருபவர்கள் பெரும்பாலும் காது கேளாமைச் சான்றிதழுக்கு வருகிறவர்கள். எப்போதாவது ஒரு குழந்தை வரும். முதன்முதலாகக் கருவியை மாட்டி இயக்கும்போது அது அழுகையை நிறுத்திவிட்டுத் தன் அம்மாவின் வாயைப் பார்க்கும். அந்தப் பார்வைக்காக அவள் மற்ற நாட்களை ஓட்டினாள். மகள் விடுதிக்குப் படிக்கப் போய்விட்டாள். கணவனுக்கு எந்த ஊரிலும் நிலம் அளக்கலாம். இதையெல்லாம் காலையில் அவன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் நிமிர்ந்து சிரித்தான். "பாப்போம்" என்றான். அந்த வீட்டில் 'பாப்போம்' என்றால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு கிடையாது.

வேண்டாம் என்பதும் அந்த வீட்டில் கிடையாது. யாருக்கு எது பிடிக்காவிட்டாலும் விலை படியவில்லை என்பார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், யாராவது சாப்பிடாமல் படுப்பார்கள். விலை படியவில்லை என்றால் கேள்வி இல்லை. அதிலும் இவள் போய்ப் பேசியும் படியவில்லை என்றால் அதற்கு மேல் பேச்சே இல்லை. சீனியருக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் விலை படியாமல் போக வேண்டும். அவ்வளவுதான்.

அவள் தாளைப் பார்த்தாள். பேனாவை எடுத்து, வண்டிக்குப் பூசும் மேற்பூச்சு, கூடுதல் உத்தரவாதம், கையாளும் செலவு, விரிப்புகள் எல்லாவற்றையும் அடித்தாள்.

"மேடம், பூச்சு ஏற்கெனவே பூசியாச்சு."

"நான் கேட்டேனா தம்பி?"

"கேக்கல."

"அப்ப அது உங்க ஆசைக்குப் பூசினது."

மாமியார் மிட்டாயோடு சிரித்தாள். விற்பனையாளன் தாளை எடுத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் இருந்த கண்ணாடி அறைக்குப் போனான். அங்கே மேலாளர் இருந்தார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. விற்பனையாளன் நின்றுகொண்டே தலையை ஆட்டினான். பிறகு வெளியே வந்தான். பூச்சு இலவசம். கையாளும் செலவு இல்லை. விலையில் கொஞ்சம். கால்குலேட்டரில் தட்டி அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் அதை அழித்துவிட்டுத் தன் தொகையைத் தட்டி நகர்த்தினாள்.

கணவனின் முழங்கால் மேசைக்கு அடியில் அவள் முழங்காலை இடித்தது. விற்பனையாளன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"மேடம், இது போன வருஷ மாடல் விலைகூட இல்ல."

அவள் பேசவில்லை. எதிரில் மேடை மேல் சாம்பல் நிற வண்டி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. முகப்பு வரும், பக்கவாட்டு வரும், பின்பக்கம் வரும். பிறகு மறுபடி முகப்பு.

"கேட்டுட்டு வர்றேன்" என்று அவன் எழுந்தான்.

"ரொம்பக் கம்மியாச் சொல்லிட்டியோ?" என்றான் கணவன் தாழ்ந்த குரலில். அவன் கண்களில் கவலையும் ஒரு விளையாட்டுப் பார்வையும் சேர்ந்திருந்தன. ஆட்டம் பார்க்கிறவனின் கண்கள்.

"படியலன்னா போயிடலாம்."

"நீ பேசிப் படியாமப் போயிடுமா?"

அவள் மேசையில் ஒட்டியிருந்த மிட்டாய்த் தாளை நகத்தால் எடுத்தாள். "ஏங்க. அந்த வேலை விஷயம்."

"எந்த வேலை?"

"சீனியர் சொன்னது."

"அதான் பாப்போம்னு சொன்னேனே." அவன் எரிச்சலாகச் சொல்லவில்லை. அவள் கையின் மேல் தன் கையை வைத்துத் தட்டினான். "முதல்ல இது முடியட்டும். இந்த லோன் ஒரு மாதிரி ஓடி முடிஞ்சதும் நிதானமா யோசிப்போம். நீ என்ன, எங்கயும் ஓடியா போயிடப் போற?"

அவன் கை சூடாக இருந்தது. நல்ல மனிதன். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

விற்பனையாளன் வந்தான். மறுத்துவிட்டார்கள் என்று சொல்லும் முகம் இல்லை. கால்குலேட்டரில் தட்டினான். அவள் தொகைக்கும் அவன் தொகைக்கும் நடுவில் ஒன்று. அது நியாயமான விலைக்கே கீழே இருந்தது. ஷோரூம்காரர்கள் அவ்வளவு கீழே இறங்கி வந்திருக்கக் கூடாது.

"அக்கா, இதுக்கு மேல முடியாதுக்கா." மேடம் அக்காவாகியிருந்தாள்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரி தம்பி. விலை படியல. வாங்க அத்தை, போலாம்."

கணவனும் எழுந்தான். இது ஆட்டத்தின் பகுதி என்று அவனுக்குத் தெரியும். இதழ் ஓரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினான். அவள் முன்னால் நடந்தாள். நாலடி. யாரும் கூப்பிடவில்லை. ஆறடி. கண்ணாடிக் கதவு அவளைப் பார்த்து விலகியது. வெளியே வெயில், நடைபாதை, ஒரு பேருந்து நின்று கிளம்பியது. அவள் வாசலில் கால் வைத்தாள்.

"சாவி?" என்றான் கணவன் பின்னாலிருந்து.

அவள் நின்றாள்.

"ஓட்டிப் பாக்கப் போனவர் இன்னும் வரலையே சார்" என்றான் விற்பனையாளன். அவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. "அப்படியே சர்வீஸ் சென்டர்ல தூக்கிப் பாத்துட்டுதான் வருவாங்க. உக்காருங்கக்கா. காபி சொல்றேன்."

கதவு மூட வந்து, அவளைக் கண்டு விலகி, மறுபடி மூட வந்தது.

"பஸ்ல போயிடலாம்" என்றாள் அவள்.

"வண்டிய விட்டுட்டா?" என்று கணவன் சிரித்தான். இந்த முறை சத்தமாகவே சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது.

மாமியார் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். இவள் கூடப் போனாள். கூடத்தின் பின்னால் ஒரு சிறிய அறை; குடிநீர் இயந்திரம், கண்ணாடி, கைகழுவும் தொட்டி. மாமியார் உள்ளே போகவில்லை. காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். கண்ணாடியில் மருமகளைப் பார்த்தாள்.

"அந்த மாடி வீடு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"எது அத்தை? பால்கனி வச்சதா?"

"அதுதான். நீதான் பேசின. விலை படியலன்னு வந்துட்டோம்."

"ஆமா. நீங்கதான் கம்மியாக் கேக்கச் சொன்னீங்க."

"சொன்னேன். எதிர்வீட்ல யாரு இருந்தா?"

அவள் யோசித்தாள். "உங்க ஓரகத்தி."

"காலையில எந்திரிச்சு அவ மூஞ்சியிலயா முழிக்கிறது?" மாமியார் கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டாள். "உங்க மாமா சாகுற வரைக்கும் விலை படியலன்னுதான் நம்பிட்டு இருந்தாரு."

அவள் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு எதிர்வீட்ல யாரு?"

தொட்டிக்கு மேல் ஏசி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அவள் ஈரமில்லாத கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வேறு யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். வேறு எங்கும் இதற்கு ஓர் அறை கிடைத்திருக்காது.

"எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு அத்தை. போகணும்னு இருக்கு. இந்த வண்டிய வாங்கினா போக முடியாது."

மாமியார் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தாள். பிறகு விரலைத் தூக்கிக் காதுக் கருவியைத் தொட்டாள்.

"என்ன சொன்ன? இங்க ஒரே சத்தமா இருக்கு. ஒண்ணும் விழல."

அந்தச் சத்தத்தில் அத்தைக்கு எது கேட்கும், எது கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பவள் அவள்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றாள்.

"அவன் பாலத்துல இருந்து நனைஞ்சு வந்தப்போ மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தான்" என்றாள் மாமியார், எதற்கும் பதிலாக இல்லாதது போல. கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "வா. காபி ஆறிடும்."

மேசைக்குத் திரும்பியபோது கணவன் மேடைக்குப் பக்கத்தில் நின்று, சுழலும் வண்டியோடு தானும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தான். தொட மாட்டான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

அவள் உட்கார்ந்தாள். கால்குலேட்டரை இழுத்தாள். பேரத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தான் ஒருமுறை சொன்ன விலையிலிருந்து தானே கீழே இறங்குவது. அது பேரம் இல்லை, அவமதிப்பு. அவள் இருபது வருடத்தில் செய்ததில்லை. இப்போது தன் பழைய தொகைக்கும் கீழே ஒன்றைத் தட்டி அவன் பக்கம் வைத்தாள்.

விற்பனையாளன் அதைப் பார்த்தான். காது மடல் சிவந்தது.

"அக்கா, முன்னாடி நீங்க சொன்னதே இதைவிட ஜாஸ்தி."

"தெரியும்."

"என்னைப் பாத்தா கிண்டலா இருக்காக்கா? உள்ள போய் இதைச் சொன்னா என்னை வெளிய போன்னுவாரு. நான் வேலைக்கு இருக்க வேணாமா?"

அவன் குரல் உண்மையாக இருந்தது. வேறு நிற நூலில் தைத்த பொத்தானை அவள் பார்த்தாள். யாரோ அவசரத்தில், கிடைத்த நூலில் தைத்திருக்கிறார்கள், அவனாகவே இருக்கலாம். மன்னித்துக்கொள் தம்பி என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் நியாயமான விலையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அவன் போனான். கணவன் மேடையிலிருந்து வந்து கால்குலேட்டரை எட்டிப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து விளையாட்டுப் பார்வை போயிருந்தது. "என்ன இது? இப்படிக் கேட்டா யாரு குடுப்பாங்க?" என்றான். பிறகு, அவளைத் திட்டிவிட்டோமோ என்று பயந்தவன் போல, "பரவால்ல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். வண்டியை இன்னொரு முறை பார்த்தான். அது முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆள், சட்டைக் கையை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் நம்பிக்கையைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பழக்கமில்லாத வேலை; மெதுவாகச் செய்தான். அவள் காபியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. இன்னும் சில நிமிடங்கள். சாவி வந்ததும் போய்விடலாம். வழியில் அவனுக்குப் பிடித்த பழக்கடையில் நிறுத்தச் சொல்லலாம். சாயங்காலம் சீனியரிடம் பேசலாம். பேசிய பிறகு அவனிடம் பேசலாம். ஒவ்வொன்றாக.

கண்ணாடி அறைக்குள் விற்பனையாளன் நின்றிருந்தான். மேலாளர் கால்குலேட்டரைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. எத்தனையோ வருடங்களாக அவள் பார்த்துப் பழகிய காட்சி: கண்ணாடி, அதற்கு அப்பால் ஒரு முகம், நடுவில் ஓசை இல்லை. ஆனால் அவள் எப்போதும் வெளியே இருப்பாள். இன்று யார் உள்ளே, யார் வெளியே என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மேலாளர் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். கதவைத் திறந்துகொண்டு நேராக வந்தார். விற்பனையாளன் பின்னால் வந்தான். அவன் காது இன்னும் சிவந்தே இருந்தது.

"மேடம், நான் இந்தத் தொழிலுக்கு வந்து இப்படி ஒரு கஸ்டமரைப் பாத்ததில்ல" என்றார். கை நீட்டினார். அவளிடம் அல்ல, கணவனிடம். "வண்டி உங்களுது சார். உங்க வீட்டம்மா சொன்ன விலைக்கே."

கணவன் எழுந்து அவர் கையைப் பிடித்தான். பிடித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்கள் ஈரமாகியிருந்தன. அம்மா பக்கம் திரும்பி, "குடுத்துட்டாங்கம்மா" என்றான், காதில் விழாதவளுக்குச் சொல்வது போல உரக்க.

"கேட்டுச்சு கேட்டுச்சு" என்றாள் மாமியார்.

மேலாளர் போன பிறகு விற்பனையாளன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். முடிச்சைத் தளர்த்தினான்.

"எப்படித் தம்பி?" என்று அவள் கேட்டாள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. "இது உங்களுக்கு நஷ்டம்."

"நஷ்டம்தான்க்கா. இனி சொல்றதுக்கென்ன?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு மாசக் கடைசி. இந்த மாசம் கம்பெனி சொன்ன எண்ணிக்கைக்கு ஒரே ஒரு வண்டி பாக்கி. அது போகலன்னா இந்த மாசம் வித்த அத்தனை வண்டிக்கும் வர வேண்டிய ஊக்கத்தொகை போயிடும். நீங்க இலவசமாக் கேட்டிருந்தாக்கூட அவரு யோசிச்சிருப்பாரு." தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தான். "நல்ல நேரத்துல வந்தீங்க."

கடைக்காரர்கள் தங்கள் பொருளை விற்பார்கள். அந்தப் பொருளில் அவர்களுக்கு ஓர் எல்லை இருக்கும். அவளுக்குத் தெரிந்தது அது. இந்த மேசையைச் சுற்றி வண்டிக்குச் சொந்தக்காரர் யாருமே இல்லை. அவள் வண்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் மாதத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஒலியே கொடுக்காதபோதும் விரலைத் தூக்குகிறவர்கள் சிலர் உண்டு. பொய் சொல்வதில்லை, கேட்டாக வேண்டும் என்ற கவலை. அவர்களைக் கண்டுபிடிப்பது அவள் வேலையின் பாலபாடம். இன்று கண்ணாடி அறையில் இருந்தவரை அவள் கண்டுபிடிக்கவில்லை.

மதிப்பிடுபவர் வந்து பழைய வண்டியின் சாவியை மேசை மேல் வைத்தார். கணவன் அதை எடுத்து, மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த மீன் வடிவ வளையத்தை மட்டும் நகம் வலிக்கக் கழற்றிக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

"கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றான் விற்பனையாளன். "அதுக்கு முன்னாடி அக்கா ஒரு தடவை உக்காந்து பாத்துடட்டும். லோன் அவங்க பேர்ல. வண்டியும் அவங்க பேர்ல."

மேடை நின்றது. அவன் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையின் பிளாஸ்டிக் உறை கிறீச்சிட்டது. கதவு மூடியது, தள்ள வேண்டியிருக்கவில்லை, தன் எடைக்கே மூடிக்கொண்டது. கூடத்தின் ஓசைகள் சட்டென்று அற்றுப்போயின. நல்ல கதவு என்று நினைத்தாள். இப்படி ஒரு கதவுதான் தன் அறைக்கு வேண்டும் என்று மருத்துவமனையிடம் பலமுறை கேட்டிருக்கிறாள்.

கண்ணாடிக்கு அப்பால் விற்பனையாளன் குனிந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்துமாறு சைகை காட்டினான். அவள் மிதித்தாள். அழுத்தினாள். எதிரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. நடுக்கம் இல்லை, உறுமல் இல்லை. அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவளுக்கு நல்ல காது. மற்றவர்கள் விரல் தூக்காத ஒலிகளும் கேட்கும். வண்டி இயங்குகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை.

மடியில் கைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. இடது கையில் இன்னும் மூடிவைத்திருந்த மிட்டாய் இளகியிருந்தது.

கணவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் உதடுகள் அசைந்தன. ஏதோ கேட்டான். அவளுக்குக் கேட்கவில்லை என்று புரிந்துகொண்டு, சிரித்து, ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினான். அவள் தன் அறையின் ஜன்னலுக்கு வெளியிலிருந்து காட்டுவது போலவே. பிறகு அவள் விரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மாமியார் நின்றாள், ஒரு கையைக் காதில் வைத்தபடி.

பை அதிர்ந்துகொண்டே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கைகள் மடியில் இருந்தன.